விஷத்துக்கு முதல் வைத்தியம்

ஒருவர் விஷமருந்தி மாண்டார் என்ற செய்தி ஊரில் பரவியதும், கடன் தொல்லையா, குடும்பக் கலகமா, பரீட்சையில் தோல்வியா என்று காரணம் தேடிப் பேசுவதிலேயே நம்முடைய அனுதாபமும் ஆராய்ச்சியும் ஒருங்கே செலவாகிவிடுகின்றன. போலீஸ் விசாரணையும் அந்தக் காரணத்தையே தேடுகிறது, பத்திரிகைகளும் அதையே தலைப்பிட்டு வெளியிடுகின்றன. ஆனால் அதே மனிதரை, உயிர் ஊசலாடும் நிலையில், உறவினர்கள் தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குள் ஓடிவரும்போது, அங்கே பணியிலிருக்கும் டாக்டர் காரணம் எதையும் விசாரிப்பதில்லை. “என்னம்மா மருந்து? பாட்டிலைக் கொண்டாந்தீங்களா?” என்பதே அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை. நோயாளி பிழைப்பதும் மாள்வதும் பெரும்பாலும் அந்தக் கேள்விக்குரிய விடையைப் பொறுத்தே அமையும் என்பதை அவர் அனுபவத்தால் அறிந்திருக்கிறார். அவர் மாத்திரம் கேட்கும் அந்தக் கேள்வியை, சட்டம் இயற்றுகிறவர்களும் விவசாய இலாகாவினரும் ஆஸ்பத்திரி வாசலுக்கு வெகு தொலைவிலேயே, கடைத்தெருவில் நின்று கேட்டாக வேண்டும் என்பது என்னுடைய அபிப்பிராயம்.

விஷத்தினால் நேரும் கேடு எல்லாப் பிராயத்தினரையும் ஒரே விதமாகத் தீண்டுவதில்லை. கைக்கு எட்டியதையெல்லாம் வாயில் வைத்துப் பார்க்கும் சிறு குழந்தைகள், குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி அடுப்பங்கரையில் வைத்த மண்ணெண்ணெயையும், பெயிண்டில் கலக்கும் தின்னரையும், தாத்தாவின் தலைமாட்டில் கிடந்த சர்க்கரை வியாதி மாத்திரையையும் விழுங்கிவிட்டு வருகின்றனர். தக்க கவனிப்புக் கிடைத்தால் இவர்களிற் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கின்றனர். வயலில் மருந்தடிக்கும் கூலியாட்கள், கையுறையும் முகமூடியுமின்றி நாள் முழுதும் ஸ்பிரேயரைச் சுமப்பதால், தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் விஷமேறப் பெறுகின்றனர். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் சுமார் இருபது பேர் இவ்விதம் மாண்டதும், நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்ததும் தேசமெங்கும் பேசப்பட்டன.

கள்ளச்சாராயத்தில் மெதனால் கலந்து, ஒரு தெருவே பாடை கட்டும்படி நேர்வது வேறொரு வகை. 2023 மே மாதத்தில் மரக்காணத்திலும் செங்கல்பட்டு வட்டாரத்திலும், மறு ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் நாம் கண்டது அது. கருணாபுரத்து நிகழ்ச்சியில் மாத்திரம் அறுபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மெதனால் தன் சொந்த ரூபத்தில் செய்யும் தீங்கு அற்பமே. ஈரலில் அது பார்மிக் அமிலமாக மாறி, அந்த அமிலம் ரத்தத்தின் சமநிலையைக் குலைத்துக் கண் நரம்பைத் தாக்கும்போதுதான் ஆள் சாய்கிறான். அதற்குள் அரை நாளோ ஒரு நாளோ கழிந்துவிடுவதால், ராத்திரி குடித்தவன் காலையில் எழுந்து நடமாடியதைப் பார்த்த வீட்டார், அவனுக்கு ஒன்றுமில்லை என்று ஏமாந்துபோகின்றனர். ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸோடு, இந்த ரசாயன மாற்றத்தைத் தடுக்கும் மருந்துகளில் ஒன்றாக எதில் ஆல்கஹாலையே கொடுக்கலாமென்பதும், கெட்ட சாராயத்தின் விஷத்தை நல்ல சாராயத்தின் சத்தைக்கொண்டு டாக்டர்கள் முறிக்க வேண்டியிருப்பதும், மதுவிலக்குப் பிரசாரகர்களுக்குச் சற்றுச் சங்கடமான உண்மைதான்.

இவையெல்லாம் முக்கியமே. ஆயினும் இவற்றைக் காட்டிலும் பெரிய கூட்டம் ஒன்றுண்டு. மனவேதனையின் வேகத்தில், வீட்டிலோ வயற்கொட்டகையிலோ இருந்த பூச்சிமருந்தையும் எலிப்பசையையும் எடுத்துக் குடித்துவிட்டு வருகிறவர்கள் அவர்கள். இந்தியாவில் ஓராண்டில் பதிவாகும் தற்கொலைகளில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கு விஷத்தினால் நேர்வதாகச் சர்க்கார் கணக்குகள் கூறிவந்திருக்கின்றன. என் வாதம் பெரும்பாலும் இவர்களைப் பற்றியது.

நம் கிராமங்களில் அதிகமாகப் புழங்கும் பூச்சிமருந்துகளில் ஆர்கனோபாஸ்பரஸ் என்ற வகை ஒன்று. நரம்பிலிருந்து தசைக்கும் சுரப்பிகளுக்கும் செய்தி கொண்டுசெல்லும் அசிட்டைல்கோலின் என்ற பொருளை, அதன் காரியம் முடிந்ததும் சிதைத்து அப்புறப்படுத்துவதற்கென்று ஒரு நொதி நம் உடலில் உண்டு. இந்த மருந்து அந்த நொதியை முடக்கிவிடுவதால், செய்தி ஓயாமல் வந்துகொண்டே இருந்து, சுரப்பிகளெல்லாம் ஊற்றெடுக்கின்றன. வாயில் நுரை தள்ளுகிறது, கண்ணின் பாவை குண்டூசி முனையளவுக்குச் சுருங்குகிறது, சதைகள் தாமாகத் துடிக்கின்றன, நாடி தளர்கிறது, நுரையீரல் தன்னுடைய நீரிலேயே நிரம்பி மூச்சு முட்டுகிறது. பூச்சியைக் கொல்லும் மார்க்கமும் மனிதனைக் கொல்லும் மார்க்கமும் இங்கே ஒன்றேயாகும்.

இதற்குரிய வைத்தியத்தை ஒரு முறையேனும் அருகில் நின்று பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முதலில் மூச்சுக் குழாயைச் சுத்தம் செய்து பிராணவாயு கொடுக்கிறார்கள். விஷம் நனைந்த உடைகளைக் களைந்து உடம்பைக் கழுவுகிறார்கள். உடனே அட்ரோபின் ஊசி தொடங்குகிறது. நம் ஆஸ்பத்திரிகளுக்கு அது வரும் ஆம்பூல் ஒன்றில் 0.6 மில்லிகிராம் மருந்துதான் இருக்குமாதலால், நர்ஸ் ஒருவர் ஒன்றன்பின் ஒன்றாகக் கழுத்தை ஒடித்து ஊசியில் இழுத்துக் கொடுத்துக்கொண்டேயிருக்க, அவர் பக்கத்திலுள்ள கிட்னி டிரேயில் உடைந்த கண்ணாடி குவிகிறது. டாக்டர் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, நீர் கொப்புளிக்கும் ஓசை அடங்கிற்றா என்று கேட்கிறார்; நாடி ஏறிற்றா என்று எண்ணுகிறார்; அக்குளில் விரலை விட்டு வியர்வை உலர்ந்துவிட்டதா என்று தடவிப் பார்க்கிறார். உலரவில்லையென்றால் முந்திய அளவைப்போல் இரு மடங்கு. இவ்விதம் அளவை விரைவாக இரட்டித்துக்கொண்டே போய், பிறகு சொட்டுச் சொட்டாகத் தொடர்ந்து ஏற்றும் முறையால், நூற்றுக்கு 22-க்கு மேலிருந்த மரணம் 8 ஆகக் குறைந்ததை வங்கதேசத்துச் சிட்டகாங்கில் நடந்து 2012-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. அபூர்வமான யந்திரமெதுவும் இதற்கு வேண்டியதில்லை. மலிவான மருந்தும், படுக்கையை விட்டு அகலாத ஒரு மனிதரும் போதும். இரண்டாவதாகச் சொன்னது கிடைப்பதுதான் நம் ஆஸ்பத்திரிகளில் அரிது.

அட்ரோபின் மிகுந்தாலும் துன்பமே. நோயாளி பிதற்றுகிறார், இல்லாத ஆளோடு பேசுகிறார், போர்வை மேல் ஊராத எறும்பைப் பொறுக்குகிறார்; ஊமத்தையிலுள்ள சத்தும் இதுவேயாதலால், ஊமத்தங்காய் தின்றவன் ஆடும் ஆட்டத்தை அறிந்த கிழவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாயிராது. நாடியையும் நாவையும் வியர்வையையும் பார்த்து அளவைக் குறைப்பதும் கூட்டுவதும் இரவு முழுவதும் நடக்கும் காரியம்.

மூன்றாம் நாள் வேறோர் அபாயம் காத்திருக்கிறது. பிரக்ஞை தெளிந்து, உறவினரோடு இரண்டொரு வார்த்தை பேசி, கஞ்சியும் குடித்த நோயாளியைப் பார்த்து, இனிப் பயமில்லை, வீட்டுக்கு அழைத்துப்போகலாம் என்று எல்லோரும் எண்ணும் சமயத்தில், அனுபவமுள்ள டாக்டர் அவரை மல்லாந்து படுக்கச் செய்து, “தலையணையிலேருந்து தலையைத் தூக்கு, பார்ப்போம்” என்று சொல்வார். தூக்க முடியாமல் கழுத்துத் துவண்டால், அடுத்த சில மணி நேரத்தில் மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடக்கூடும் என்று அர்த்தம். உடனே வென்டிலேட்டரைத் தயார் செய்கிறார்கள். விஷமேறி ஒரு நாளிலிருந்து நான்கு நாளைக்குள் தோன்றும் இந்த நிலையைத் தனியாக இனங்கண்டு 1987-இல் உலகுக்கு எடுத்துரைத்தவர்கள், இலங்கையைச் சேர்ந்த நிமல் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் ஆவர். இவ்வகை விஷ வைத்தியத்தைப் பற்றிக் கற்ற பாடங்களில் பெரும்பகுதி வறிய தேசத்து வார்டுகளிலிருந்தே வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பிராலிடாக்சிம் என்ற மாற்று மருந்து உண்மையில் உதவுகிறதா என்ற தீராத வழக்கில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாரின் ஆராய்ச்சி பயனில்லையென்றும், மகாராஷ்டிரத்துப் பாராமதியின் ஆராய்ச்சி பயனுண்டென்றும், இலங்கையின் ஆராய்ச்சி மறுபடியும் பயனில்லையென்றும் சாட்சி சொல்லியிருக்கின்றன. கரித்தூளைத் திரும்பத் திரும்பப் புகட்டுவதால் மரணம் குறைகிறதா என்பதை 4,600-க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்து, குறையவில்லை என்று 2008-இல் கூறியதும் இலங்கை ஆஸ்பத்திரிகளே.

நம் ஜனங்களின் நம்பிக்கையோ இன்னும் வயிறு கழுவுவதிலேயே நிலைத்திருக்கிறது. ‘வயித்தைக் கழுவிட்டாங்களா?’ என்று கேட்டுத் திருப்தியடைந்த பிறகே உறவினர் உட்காருவர். கழுவாத டாக்டர் கடமை தவறியவராகக் கருதப்படுவார். விஷமருந்திச் சிறிது நேரத்துக்குள், மூச்சுப் பாதையைக் காப்பாற்றிக்கொண்டு செய்தாலொழிய, அதனால் நன்மையை விடத் தீமை மிகுதி. வீட்டிலே நடக்கும் முதலுதவியோ அதனினும் அபாயகரமானது. உப்புக் கரைசல், சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல், பச்சை முட்டை என்று கிடைத்ததையெல்லாம் வாயில் ஊற்றி, தொண்டையில் விரலை விட்டு வாந்தியெடுக்கச் செய்வதால், அரை மயக்கத்திலுள்ளவரின் நுரையீரலுக்குள் அத்தனையும் இறங்கி, விஷம் கொல்லாதவரையும் சாணித் தண்ணீர் கொன்றுவிடுகிறது. மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தியெடுக்க வைப்பது அறவே கூடாது. வயிற்றில் கிடந்தால் பெரும்பாலும் சாதுவாக இருக்கும் மண்ணெண்ணெய், திரும்பி வரும் வழியில் மூச்சுக் குழாயில் இறங்கினால் கடுமையான நுரையீரல் அழற்சியில் கொண்டுபோய் விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயைத் துடைத்து, 108 வண்டியில் ஏற்றி, பாட்டிலையோ அதன் லேபிளையோ கையோடு கொண்டுபோவதற்கு மேல் வீட்டார் செய்யக்கூடியது அதிகமில்லை.

இத்தனை சிரத்தையோடு வைத்தியம் செய்தாலும், சில பொருள்களின் முன் வைத்திய சாஸ்திரம் கைகட்டி நிற்கிறது. மாற்று மருந்தென்று ஒன்றுமேயில்லாத களைக்கொல்லி ஒன்று நம் கடைகளில் இன்றும் விற்கிறது. அதன் பெயரை நான் எழுதாததற்குக் காரணம் பின்னால் வரும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையைத் தின்றவர், முதல் நாள் வாந்திக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் ஒன்றுமே நேராதவரைப் போல நடமாடி, பின்பு ஈரல் பழுதாகி மஞ்சள் பூத்துத் திரும்பி வருகிறார். ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றிப் பார்க்கிறார்கள், வசதியுள்ளவர்களுக்கு ஈரலையே மாற்றவும் முயல்கிறார்கள். இருபது ரூபாய்ப் பண்டம் ஒன்று இருபது லட்ச ரூபாய் வைத்தியத்தை வேண்டும்படி விட்டுவைத்திருக்கும் ராஜாங்கத்தை என்னவென்று சொல்வது!

இலங்கை என்ன செய்தது என்பதை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். 1995-ஆம் ஆண்டு வாக்கில், லட்சம் பேருக்கு 47 என்ற விகிதத்தில், உலகிலேயே மிக அதிகமான தற்கொலைகள் நிகழ்ந்த தேசங்களில் ஒன்றாக அது இருந்தது. அவற்றிற் பெரும்பங்கு பூச்சிமருந்தினால் நேர்ந்தவை. 1980-இல் இயற்றிய பூச்சிமருந்துக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், பதிவாளர் என்ற ஓர் அதிகாரியிடம் எந்த மருந்து தேசத்துக்குள் வரலாம் என்று தீர்மானிக்கும் பொறுப்பு இருந்தது. அந்த அலுவலகம் ஆரவாரமின்றி ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்கியது. 1984-இல் பாரத்தியானும் மீத்தைல் பாரத்தியானும் போயின; 1995-இல் மோனோகுரோட்டோபாசும் மெத்தமிடோபாசும் போயின. விவசாயிகள் எண்டோசல்பானுக்கு மாறவே, இடைவிடாத வலிப்போடு வந்து மாள்கிறவர்கள் பெருகுவதை ஆஸ்பத்திரிகள் எடுத்துச் சொல்ல, 1998-இல் அதுவும் போயிற்று. பின்னர் 2008-லிருந்து சில ஆண்டுகளுக்குள், ஆஸ்பத்திரிக் கணக்குகளில் அதிக உயிர்களை வாங்கியவையென்று தெரிந்த வேறு மூன்றும் படிப்படியாக விலக்கப்பட்டன. வார்டில் யார் எதனால் மாள்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, அந்தக் கணக்கைக் கொண்டே கடையைத் திருத்தியதுதான் இந்த வரலாற்றின் சாரம். 2005-இல் விகிதம் 24 ஆகப் பாதியாயிற்று; அதன் பிறகும் இறங்கியது. 1995 முதல் 2015 வரையுள்ள இருபதாண்டுகளில் சுமார் 93,000 உயிர்கள் இதனால் காக்கப்பட்டன என்பது ஆராய்ச்சியாளரின் மதிப்பீடு.

விஷமருந்தி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் எண்ணிக்கை அந்தக் காலத்தில் இலங்கையில் இதற்கேற்பக் குறைந்துவிடவில்லை. வறுமையும் குடியும் காதல் தோல்வியும் முன்போலவே இருந்தன. கோபத்தில் பாட்டிலை எடுத்தவர்களும் இருந்தார்கள். எடுத்த பாட்டிலில் இருந்த பொருள் மாறிவிட்டதால், முன்பு மாண்டிருக்கக்கூடியவர்கள் பிழைத்து வீடு திரும்பினார்கள். ‘சாகத் துணிந்தவன் ஒரு வழி அடைத்தால் மறு வழி தேடமாட்டானா?’ என்று கேட்கிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த விடையில்லை. மறு வழி தேடினவர்கள் சிலர் உண்டு. ஆனால் மொத்த மரணமே பாதிக்குமேல் குறைந்ததென்றால், பெரும்பாலோர் தேடவில்லை என்பதே பொருள். பூச்சிமருந்தைக் குடித்துப் பிழைத்தவர்களிடம் பேசிய எந்த டாக்டரும், எண்ணம் தோன்றியதற்கும் எடுத்துக் குடித்ததற்கும் இடையே கழிந்தது பலருக்கும் சில நிமிஷங்களே என்று சொல்வார். அந்த நிமிஷங்களில் கைக்குக் கிடைப்பது எது என்பதையே சட்டத்தால் மாற்ற முடிகிறது.

இதற்கு மாறாக, பூட்டி வைத்தால் போதும் என்று வாதிப்போர் உண்டு. பூச்சிமருந்துக் கம்பெனிகளுக்கு இந்த வாதத்தில் பிரியம் மிகுதி என்பதை ஊகிக்க அதிகப் புத்தி வேண்டியதில்லை. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில், 50,000-க்கு மேற்பட்ட குடும்பங்களைக் கொண்டு, சரிபாதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுள்ள பெட்டி கொடுத்துப் பல ஆண்டுகள் கவனித்த பெரிய சோதனையொன்றின் முடிவு 2017-இல் வெளியாயிற்று: பெட்டியுள்ள கிராமங்களிலும் இல்லாத கிராமங்களிலும் விஷமருந்துவது ஏறக்குறைய ஒரே விதமாகவே இருந்தது. சாவி வீட்டுக்குள்ளேயே, ஆணியில் தொங்கும்போது பூட்டு யாரைத் தடுக்கும்? சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் ஸ்நேகா ஸ்தாபனத்தார், டாக்டர் லக்ஷ்மி விஜயகுமாரின் முயற்சியால், கடலூர் ஜில்லா காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில் வேறொரு விதமாகச் செய்து பார்த்தார்கள். வங்கி லாக்கரைப்போல ஊருக்குப் பொதுவான பெட்டகம் அமைத்து, மருந்தை வீட்டுக்கே கொண்டுபோகாமல் அங்கே வைத்து, வேண்டும்போது எடுத்துச் செல்லும் ஏற்பாடு அது. வீட்டுப் பெட்டியைவிட இது அறிவுடைய யோசனை, முடிவும் நம்பிக்கையூட்டுவதாயிருந்தது. எனினும் சில கிராமங்களில் நடந்த சிறு முயற்சியைத் தேசமெங்கும் பரப்பிக் காப்பதைவிட, மிகக் கொடியவையான சில மருந்துகளைக் கடையிலிருந்தே நீக்குவது எளிது, மலிவு.

விளைச்சல் குறைந்துவிடாதா என்ற கவலை நியாயமானது. அதைக் கேலி செய்கிறவர் வயலை அறியாதவர். கொடிய மருந்துகள் நீங்கிய ஆண்டுகளில் இலங்கையின் நெல் விளைச்சலில் அதனால் குறை காணப்படவில்லை, குறைந்த விஷமுள்ள மாற்றுகள் அந்த வேலையைச் செய்தன. அதே இலங்கை 2021-இல் ரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் ஒரே வீச்சில் நிறுத்தி, சில மாதங்களுக்குள் விவசாயத்தைத் தடுமாற வைத்து, அவ்வாண்டு நவம்பரிலேயே அந்த ஆணையைத் திரும்பப் பெற்றதும் நாம் பார்த்ததே. ஒரே தேசத்தில் நடந்த இவ்விரண்டு காரியங்களையும் ஒன்றாகக் குழப்பி, ‘தடை செய்தால் இலங்கையின் கதிதான்’ என்று பயமுறுத்துவது அறியாமையாகவோ சாமர்த்தியமாகவோ இருக்கலாம். முன்னது கணக்குப் பார்த்து, மாற்றுக் காட்டி, இருபதுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் ஒன்றொன்றாகச் செய்தது. பின்னது ஓர் இரவில் செய்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும், பூச்சிமருந்தோடு ஒன்றாக ஏற்றி வந்த உணவுப் பண்டத்தில் விஷம் கலந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நீதிபதி ஜே. சி. ஷா தலைமையில் விசாரணை நடந்து, அதன் பயனாகப் பிறந்ததே 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். அரை நூற்றாண்டுக்கு மேலான பின்பும் நம்மை ஆள்வது அதுவே. அதற்குப் பதிலாக 2020-இல் மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதா ஆண்டுக்கணக்கில் உறங்கிற்று. அந்தப் பழைய சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, ஒரு மருந்தினால் ஜனங்களுக்கு ஆபத்தென்று மாநில சர்க்கார் கருதினால் அதன் விற்பனையை நிறுத்தி வைக்கலாம், எத்தனை நாளைக்கு? 60 நாள், மிஞ்சினால் இன்னுமொரு 30 நாள். சில ஆண்டுகளுக்கு முன் நம் மாநில சர்க்கார், தற்கொலைகளைத் தடுக்கும் எண்ணத்தோடு ஆறு பூச்சிமருந்துகளை 60 நாளைக்குத் தடை செய்தது. எலிப்பசையைக் கடைகளிலிருந்து விலக்கவும் முற்பட்டது. எண்ணம் போற்றத்தக்கது. ஆனால் அறுபதாம் நாள் முடிந்து அறுபத்தோராம் நாள் விடியும்போது அதே பாட்டில் அதே தட்டுக்குத் திரும்ப உரிமை பெறுமானால், அதைத் தடை என்பதைவிட விடுமுறை என்பதே பொருந்தும்.

மத்திய சர்க்காரின் வேகத்துக்கு மோனோகுரோட்டோபாஸ் ஒன்றே சான்று. இலங்கை அதை 1995-இல் நீக்கியது. நாம் காய்கறிகளுக்கு அதை அடிக்கக் கூடாதென்று விதித்துவிட்டு, மற்றப் பயிர்களுக்கு அனுமதித்தோம். கடையில் வாங்கியவன் எந்தச் செடிக்கு அடிக்கிறான் என்று பார்க்க ஆளேது? 2009-இல் உலக சுகாதார ஸ்தாபனம் அதை விட்டுவிடும்படி நமக்கு யோசனை சொல்லிற்று. 2013 ஜூலையில் பீகாரின் சாப்ரா அருகிலுள்ள ஒரு கிராமத்துப் பள்ளியில், சமையலெண்ணெயோடு அது கலந்து, மதிய உணவுண்ட 23 குழந்தைகள் மாண்டார்கள். அதற்கும் பத்தாண்டு கழித்து, 2023-இல்தான் அதன் பெருவழக்கான திரவ வடிவத்துக்குத் தடை வந்தது. அப்போதும் இருப்பிலுள்ளதைக் காலாவதியாகும்வரை விற்றுத் தீர்க்க அவகாசம் கொடுத்தே வந்தது. அண்டை நாட்டுக்கும் நமக்கும் இடையில் 28 ஆண்டுகள்! அந்த ஆண்டுகளில் இந்த ஒரு மருந்தோடு நம் வார்டுகளில் போராடித் தோற்ற டாக்டர்களையும் நர்ஸுகளையும் நினைத்தால், சர்க்கார் காகிதங்கள் நகரும் வேகத்தைப் பொறுமையோடு பேச என்னால் இயலவில்லை.

நாம் செய்ய வேண்டியதற்குப் புதிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளின் விஷ கேஸ் பதிவேடுகளில், குடித்த பொருளின் பெயரையும் முடிவையும் ஒழுங்காக எழுதச் செய்து, ஆண்டுக்கொரு முறை கூட்டிப் பார்த்தால், உயிர்களில் பெரும்பகுதியை வாங்கும் நாலைந்து பொருள்கள் எவையென்று தாமே தெரிந்துவிடும்; இப்போது அந்தப் பதிவேட்டில் பல இடங்களில் ‘பூச்சிமருந்து’ என்ற ஒரே வார்த்தையோடு காரியம் முடிந்துவிடுகிறது. நம் நாட்டுப் பூச்சிமருந்து டப்பாக்களில் விஷத்தின் கடுமையைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நாலு நிறத்தில் முக்கோணம் அச்சடிக்கிறார்கள். சிவப்பு முக்கோணமுள்ளவை முதலில் நீங்கட்டும். அதன்பின் பதிவேடு எதைச் சுட்டுகிறதோ அது நீங்கட்டும். மாநிலங்களுக்கு 60 நாள் என்ற வரம்பை எடுத்துவிட்டு, நிரந்தரமாக விலக்கும் அதிகாரத்தைக் கொடுக்க, ஒரே ஒரு பிரிவைத் திருத்தினால் போதும்.

பத்திரிகையில் எழுதுகிறவன் பத்திரிகைகளைப் பற்றிச் சொல்லாமல் போவது அழகன்று. 1980-இல் யாழ்ப்பாணத்தில் இரண்டு பள்ளிச் சிறுமிகள், வேலியோரத்தில் எங்கும் வளரும் ஒரு செடியின் விதையைத் தின்று இறந்தார்கள். அதுவரை அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு அந்த விஷத்தோடு வந்தவர்கள் மிகச் சிலரே. செய்தி பரவிற்று, செடியின் பெயரும் பரவிற்று. மறு ஆண்டில் இருபதுக்கு மேற்பட்டோர் அதே விதையோடு வந்தனர், மூன்றாம் ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்டோர், பிறகு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் என்று இலங்கை முழுவதும் அது ஒரு தொற்று வியாதியைப் போலப் பரவியது. செடி முன்பும் அங்கேதான் இருந்தது. எந்தப் பொருள், எத்தனை அளவு, எங்கே வாங்கியது என்பவற்றைப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் விவரிக்கலாகாது என்று நான் சொல்வதும், இன்னும் கடையிலுள்ள பொருள்களின் பெயரை இக்கட்டுரையில் இயன்றவரை தவிர்த்திருப்பதும் இதனால்தான். டாக்டரிடமும் சட்டமன்றத்திலும் சொல்ல வேண்டிய பெயரைச் சந்தையில் கூவ வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் உண்மை மறைந்து போவதற்குப் போலீஸ் பயமும் ஒரு காரணம். விபத்துப் பதிவேடான ஏ.ஆர். புத்தகத்தில் எழுதிவிடுவார்கள், ஸ்டேஷனிலிருந்து ஆள் வருவார்கள், பெண்ணின் பெயர் கெட்டுப்போகும் என்று அஞ்சி, ‘இருமல் மருந்தென்று நினைத்துத் தெரியாமல் குடித்துவிட்டாள்’ என்று சாதிக்கும் தாயை எத்தனையோ டாக்டர்கள் கண்டிருப்பார்கள். அவள் பாட்டிலையும் ஒளித்து வைத்திருப்பாள். சில தனியார் ஆஸ்பத்திரிகளோ, ‘இது போலீஸ் கேஸ், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்’ என்று வாசலிலேயே திருப்பியனுப்பி, பொன்னான ஒரு மணி நேரத்தை வீணாக்குகின்றன. தற்கொலைக்கு முயன்றவரை மிகுந்த மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருத வேண்டும், தண்டிக்கலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநல பராமரிப்புச் சட்டம் விதித்துவிட்டது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதையில், பழைய 309-ஆம் பிரிவைப்போல முயற்சியையே குற்றமாக்கும் பொது விதியும் இல்லை. இந்தச் செய்தி கிராமத்து வீடுகளுக்கு இன்னும் எட்டவில்லை. எந்த மருந்தென்று தெரிந்தும் என்ன செய்வதென்று அறியாத டாக்டர்களுக்கும் வீட்டாருக்கும், டில்லி எய்ம்ஸிலுள்ள தேசிய விஷத் தகவல் மையம் 1800 116 117 என்ற கட்டணமற்ற எண்ணில் இரவு பகலாக யோசனை சொல்கிறது என்பதும் எட்டவில்லை.

பிழைத்தவரை, ரத்தப் பரிசோதனை சரியாயிற்று என்றதும் மறுநாளே அனுப்பிவிடுவது நம் வழக்கம். மனநல டாக்டரோ ஆலோசகரோ ஒரு முறையேனும் அருகில் அமர்ந்து பேசாமல் விஷ வார்டிலிருந்து யாரையும் அனுப்பக் கூடாதென்று விதி செய்து, இரவு பகல் எந்நேரமும் மனநல ஆலோசனைக்குப் பேசக்கூடிய 14416, 104 என்ற இரண்டு எண்களையும், மருந்துகளின் பெயருக்கு மேலே, டிஸ்சார்ஜ் சீட்டின் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கலாம்; பூச்சிமருந்துக் கடைக்காரர் கொடுக்கும் ரசீதிலும் அவ்வாறே அச்சிடும்படி லைசென்ஸ் நிபந்தனையில் சேர்க்க, விவசாய இலாகாவுக்கு ஒரு சுற்றறிக்கையே போதும்.